ஒரு நிமிட ஊமைக் கார்ட்டூன் வரைவது எப்படி? 1919-இல் வந்த கறுப்புப் பூனையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு மேஜை, ஒரு கட்டுக் காகிதம், கறுப்பு மை, கையில் இருக்கும் போன். இவ்வளவு இருந்தால் ஒரு நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூனைத் தனி ஆளாகவே வரைந்து முடித்துவிடலாம். நான் இதுவரை மூன்று முடித்திருக்கிறேன், மூன்றுக்கும் வாத்தியார் ஒரு பூனைதான். 1919 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான ‘ஃபீலைன் ஃபாலீஸ்’ என்ற நாலைந்து நிமிட ஊமைப்படத்தில் ‘மாஸ்டர் டாம்’ என்ற பெயரில் முதன்முதலாகத் திரைக்கு வந்தது அந்தப் பூனை. அந்த வருடம் முடிவதற்குள் அதன் பெயர் ஃபீலிக்ஸ் என்று மாறிவிட்டது, அப்புறம் 1920-களில் அதைத் தெரியாத சினிமா ரசிகர்களே இல்லை என்கிற அளவுக்கு வளர்ந்தது.

வரைந்தவர் ஓட்டோ மெஸ்மர். ஸ்டுடியோ பாட் சல்லிவனுடையது, நியூயார்க்கில் இருந்தது. அந்தக் கால வழக்கப்படி பெயரும் புகழும் முதலாளிக்கே போயின, மெஸ்மர்தான் பூனையை உருவாக்கியவர் என்ற பேச்சு வெளியே வரவே பல பத்தாண்டுகள் ஆயின. ஆஸ்திரேலியாவில் பிறந்த சல்லிவன்தான் படைப்பாளி என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு மெஸ்மர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

மிக்கியையோ மற்ற பெரிய பெயர்களையோ விட்டுவிட்டு இதை ஏன் பிடித்தேன் என்றால், இதில் இருக்கிற எல்லாவற்றையும் ஒருவர் கையால் செய்துவிட முடியும். ஒலி இல்லை, நிறம் இல்லை, பின்னணி என்று பார்த்தால் ஒரு தரைக்கோடு, ஒரு சுவர், ஒரு வீட்டு மூலை. அப்படியும் அந்தப் பூனைக்கு ஒரு மனசு இருப்பது நமக்குத் தெரிகிறது. அது எப்படித் தெரிகிறது என்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ளப் போகிறோம், மற்றதெல்லாம் கைவேலை.

முதலில் பாருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு

படத்தின் கதை சின்னது. டாம் என்ற பூனைக்குக் கிட்டி வைட் என்ற வெள்ளைப் பூனை மேல் காதல். அதைப் பார்க்க வெளியே போகிறது, அந்த நேரத்தில் எலிகள் வீட்டைத் துவம்சம் பண்ணிவிடுகின்றன, எஜமானி டாமை வெளியே துரத்திவிடுகிறார். சரி, கிட்டியிடமே போய்விடலாம் என்று போனால் அங்கே ஒரு பட்டாளம் குட்டிகள். படம் முடிகிற விதம் சோகமானது, டாம் எரிவாயுக் குழாயை வாயில் வைத்துத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறது. குழந்தைகளுக்குக் காட்டுவதாக இருந்தால் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள், அந்த முடிவுக்கு முன்னால் நிறுத்திக்கொள்வது நல்லது. முதல் படத்திலேயே செத்துப்போன கதாபாத்திரம் அதே மாதம் அடுத்த படத்தில் உயிரோடு வந்து நின்றது. இதை நீண்ட நாள் ஓடப்போகிற ஒரு கதாபாத்திரம் என்று நினைத்து யாரும் ஆரம்பிக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் பெரும்பாலும் பிற்பாடு யாரோ ஒட்டிய இசை இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இசை நம்மை ஏமாற்றும், பூனை சும்மா நிற்கிற இடத்திலும் ஏதோ நடப்பதாக நினைக்க வைக்கும். முதல் தடவை முழுசாகப் பாருங்கள், இரண்டாவது தடவை பிரேம் பிரேமாக, அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப்படமாக நகர்த்துங்கள். யூட்யூபில் நிறுத்திவைத்துவிட்டுப் புள்ளி விசையை அழுத்தினால் ஒரு பிரேம் முன்னே போகும், கமாவை அழுத்தினால் பின்னே வரும். இன்னொரு விஷயம், ஊமைப்படக் காலத்தில் படம் பிடித்த வேகமும் ஓட்டிய வேகமும் வினாடிக்கு 24 பிரேம் என்று நிலையாக இருக்கவில்லை, பல படங்கள் அதைவிட மெதுவாக ஓடின. அதனால் சில பிரதிகளில் எல்லாம் விறுவிறுவென்று ஓடுவது போலிருக்கும். அந்த வேகத்தை நகல் எடுக்க வேண்டாம், பாவனையைக் கவனியுங்கள்.

முக்கியமாக ஒரு கட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். டாம் கிட்டிக்காக இசைக்கும்போது காற்றில் இசைக்குறிகள் எழும்பும், நோட்டுப் புத்தகத்தில் பார்ப்போமே, அடியில் உருண்டையும் மேலே குச்சியுமாக, அதே குறிகள். அவற்றையே பிடித்துச் சேர்த்து வண்டியாக்கி ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். குறியின் உருண்டை சக்கரமாகிவிடுகிறது. இந்த ஒரு யோசனையைச் சரியாகப் புரிந்துகொண்டால் உங்கள் படத்துக்கு வேண்டிய நகைச்சுவைக்குப் பாதி வழி கிடைத்த மாதிரி. காகிதத்தில் இருக்கும் எந்தக் கோடும் கோடுதான், அது இசைக்குறியாக இருந்தாலும் பூனையின் வாலாக இருந்தாலும் கதாபாத்திரம் கையால் எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். பிற்காலத்து ஃபீலிக்ஸ் படங்களில் இது பெரிய அளவில் வளர்ந்தது, வால் கழன்று வந்து கைத்தடியாகும், தலைக்கு மேல் தோன்றும் கேள்விக்குறி கொக்கியாகும்.

உங்கள் கதாபாத்திரம்

ஃபீலிக்ஸையே வரையாதீர்கள். 1919 படத்தின் பதிப்புரிமை அமெரிக்காவில் காலாவதியாகிவிட்டது, ஆனால் ஃபீலிக்ஸ் என்ற பெயரும் வணிக முத்திரையும் இன்னும் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அதை விடுங்கள், உங்களுடையது என்று ஒன்று பிறந்தால்தான் இந்த வேலையில் சந்தோஷமே.

ஆனால் அதைக் கறுப்பாக ஆக்குங்கள். முழுக் கறுப்பு. ஏன் கறுப்புப் பூனை என்று கேட்டதற்கு மெஸ்மர் சொன்ன காரணம் எளிமையானது: வெளிக்கோடுகள் நிறைய வரைய வேண்டியதில்லை, நிரப்பிவிடலாம், கறுப்புத் திரளாக இருக்கும்போது திரையில் அசைவும் நன்றாகத் தெரியும். நூற்றுக்கணக்கான தடவை ஒரே உருவத்தை வரையப் போகிற கைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஐம்பதாவது தாளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் காக்கையை எடுத்துக்கொண்டேன். உடம்பு ஒரு முட்டை, தலை ஓர் உருண்டை, கால் இரண்டு குச்சி, சிறகுகள் கையாக வேலை செய்யும், அலகு மட்டும் நிரப்பாமல் வெள்ளை. கண்களைப் பெரிதாக விடுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கட்டும், உள்ளே ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. கறுப்பு உடம்பில் நாம் முதலில் பார்ப்பது அந்த வெள்ளைத் திட்டைத்தான், ஆகவே நடிப்பு முழுக்க அங்கேதான் நடக்கப் போகிறது. புள்ளி இடது பக்கம் போனால் காக்கை இடது பக்கம் பார்க்கிறது, மேலே போனால் மேலே பார்க்கிறது, நடுவில் வந்து நின்றால் நம்மைப் பார்க்கிறது.

கறுப்புக்கு ஒரு கஷ்டமும் உண்டு. சிறகு உடம்புக்குக் குறுக்கே வந்தால் கறுப்புக்குள் கறுப்பு மறைந்துவிடும், என்ன செய்கிறது என்றே புரியாது. ஆகவே கை, கால், அலகு எல்லாமே உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒவ்வொரு நிலையையும் அமையுங்கள். கண்ணை அழித்துவிட்டு உருவத்தை ஒரு நிழலாகப் பாருங்கள், அப்போதும் காக்கை எதையோ தூக்குகிறது, எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்தால் அந்த நிலை சரி. தவிர்க்கவே முடியாமல் சிறகு மேலே வந்தால் ஓரத்தில் நூல் அளவு வெள்ளை விட்டுவிட்டு மையை நிரப்புங்கள்.

தாள், துளை, மை

எல்லாத் தாளும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், இதில் சமரசமே கிடையாது. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் திரையில் உலகமே குலுங்கும். 1910-களில் ராவுல் பாரே என்பவர் தாளில் துளை போட்டு முளையில் மாட்டுகிற முறையைக் கொண்டுவந்தார், இன்று வரை காகித அனிமேஷன் அதில்தான் நிற்கிறது. நமக்கு அலுவலகங்களில் ஃபைல் போட வைத்திருக்கும் இரட்டைத் துளை பஞ்ச் மெஷினே போதும். துளைகள் 6 மி.மீ. அகலம், ஒன்றுக்கொன்று 8 செ.மீ. தூரம். அதே கணக்குக்கு 6 மி.மீ. மரக்குச்சியில் இரண்டு துண்டு வெட்டி ஒரு பலகையில் ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் துளை போட்ட நாலைந்து தாளைக் குச்சியில் மாட்டிவைத்துக்கொண்டு ஒட்டினால் இடைவெளி தானாகச் சரியாக அமையும். ஒரே நேரத்தில் நிறையத் தாளைப் பஞ்ச் மெஷினில் திணிக்காதீர்கள், அடித்தாள்கள் சரிந்துவிடும், மூன்று நான்கு தாளுக்கு மேல் வேண்டாம்.

சாதாரண 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் மை ஊறிச் சுருங்கி அலை அலையாகிவிடும். என் முதல் படத்துக்கு வரைந்த தாளெல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துபோய், கேமராவுக்குக் கீழே நிழல் விழுந்து, பாதியை மறுபடி வரைந்தேன். 100 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள். கீழ்த்தாள் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பலகைக்கு நடுவில் ஒரு கண்ணாடியைப் பதித்து அடியில் எல்இடி விளக்கை வைத்தால் அந்தக் குறையும் தீரும். முதலில் பென்சிலில் எல்லாவற்றையும் முடித்து, அதைப் படம்பிடித்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மையைத் தொட வேண்டும். ஓரங்களை மெல்லிய பேனாவால் இழுத்துவிட்டு உள்ளே பிரஷ் பேனாவால் நிரப்புங்கள். ஓரக்கோடு தாளுக்குத் தாள் கொஞ்சம் மாறுவதால் திரையில் உருவம் லேசாகக் கொதிக்கிற மாதிரி துடிக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காகிதத்தில் வரைந்ததற்கு அந்தத் துடிப்புதான் அடையாளம்.

பின்னணியை மேலே போடுங்கள்

இந்தக் குறிப்பு முழுவதிலும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

வழக்கமாக என்ன செய்வார்கள்? பின்னணியைக் கீழே வைத்து, கதாபாத்திரத்தை ஒளிபுகும் செல்லுலாய்டு தாளில் வரைந்து மேலே வைப்பார்கள். அந்த முறைக்கு 1910-களிலேயே ஏர்ல் ஹர்டும் ஜான் பிரேயும் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார்கள், பயன்படுத்துகிறவர்கள் பணம் கட்ட வேண்டும். சல்லிவன் ஸ்டுடியோவில் அதைத் தலைகீழாகச் செய்தார்கள். பூனையைச் சாதாரணக் காகிதத்தில் வரைந்தார்கள், பின்னணியை மட்டும் ஒரே ஒரு செல்லுலாய்டு தாளில் வரைந்து காகிதத்துக்கு மேலே போட்டார்கள். ஒரு காட்சிக்கு ஒரே ஒரு ஒளிபுகும் தாள், மற்றதெல்லாம் மலிவான காகிதம்.

நாமும் அப்படியே செய்வோம். ஓஎச்பி ஷீட் என்கிற ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்றில் நிரந்தர மார்க்கரால் தரைக்கோடு, சுவர், ஜன்னல் வரைந்து, அதற்கும் அதே இரண்டு துளை போட்டு முளையில் மாட்டுங்கள். பின்னணிக் கோடு கதாபாத்திரத்துக்கு மேலே வந்துவிடாதா என்று கேட்பீர்கள். வரும். ஆனால் கறுப்பு உடம்பின் மேல் கறுப்புக் கோடு விழுந்தால் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது! காக்கை சுவருக்கு முன்னால் நடப்பது போலவே இருக்கும். வெள்ளை முயலை வைத்து இதைச் செய்து பாருங்கள், சுவரின் செங்கல் கோடுகள் முயலின் வயிற்றுக்குள் ஓடும். முதன்முதலில் இது எனக்குப் பிடிபட்ட ராத்திரி, தாளை மாட்டுவதும் கழற்றுவதுமாகக் கொஞ்ச நேரம் விளையாடிக்கொண்டே இருந்தேன்.

கவனம் வேண்டியது வெள்ளைப் பகுதியில் மட்டும்தான், கண்ணும் அலகும் போகும் பாதையில் பின்னணிக் கோடு எதுவும் இருக்கக் கூடாது. அதனால் தரைக்கோட்டைக் கீழே வையுங்கள், வீடு, மரம் எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளுங்கள், நடுவே வெறும் வெள்ளையாகத் திறந்து கிடக்கட்டும். பழைய படங்களில் பின்னணி ஏன் அவ்வளவு காலியாக இருக்கிறது என்பதற்கு இப்படி ஒரு காரணம் இருப்பதைக் கையால் செய்து பார்க்கும்போதுதான் முழுசாக உணர முடியும்.

நடை

வினாடிக்கு 24 பிரேம், ஒரு வரைபடத்தை இரண்டு பிரேமுக்குப் பிடிக்கிறோம், ஆக வினாடிக்கு 12 தாள். ஒரு நிமிடத்துக்கு 720 தாள் என்று கணக்குப் போட்டு மலைத்துவிடாதீர்கள், அதே தாள்களைத் திரும்பத் திரும்பப் பிடிக்கும் சுழற்சியும் நிறுத்தங்களும் இருந்தால் இருநூறுக்கும் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான்.

நடைக்கு 12 தாள் வரையுங்கள், இரண்டு அடி, சரியாக ஒரு வினாடி. ஒரு அடிக்கு ஆறு தாள். கால் நீட்டித் தரையைத் தொடும் நிலை முதலில், அடுத்து உடம்பு லேசாகத் தாழும், அப்புறம் ஒரு கால் இன்னொன்றைக் கடக்கும், உடம்பு எழும்பும், அடுத்த கால் தரையைத் தொடும். தரையில் ஊன்றிய கால் மட்டும் தாளுக்குத் தாள் ஒரே அளவு பின்னால் போக வேண்டும், இந்த அளவு மாறினால் காக்கை பனிக்கட்டியில் சறுக்குவது போலாகிவிடும். தாளின் அடியில் ஸ்கேலால் சம தூரத்தில் புள்ளி வைத்துக்கொண்டு அதில் பாதத்தை வையுங்கள். இப்போது இந்த 12 தாளையும் திரும்பத் திரும்பப் பிடித்து, ஓஎச்பி ஷீட்டை மட்டும் முளையில் மாட்டாமல், அதே அளவு பின்னால் நகர்த்திக்கொண்டே போனால் காக்கை எத்தனை வினாடி வேண்டுமானாலும் நடக்கும். ஷீட் மேலும் கீழும் ஆடாமலிருக்க அதன் கீழ் ஓரத்தை ஒரு ஸ்கேலில் முட்டவைத்து நகர்த்துங்கள்.

யோசிக்கும் நேரம்

மெஸ்மர் இந்தப் பூனைக்கு முன்னால் அதே ஸ்டுடியோவில் சார்லி சாப்ளினை வைத்து எடுத்த கார்ட்டூன்களில் வேலை பார்த்தார், சாப்ளினின் புகைப்படங்களைப் பார்த்து அவருடைய அசைவுகளைப் படித்தார். சாப்ளினிடம் நாம் ரசிப்பது விழுவதை மட்டுமா? விழுவதற்கு முன்னால் ஒரு கணம் நம்மைப் பார்ப்பாரே, அதையும்தான். ஃபீலிக்ஸ் பின்னாளில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து அங்குமிங்கும் நடந்தே பேர் வாங்கியது. ஒரு பூனை யோசிக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு அரங்கமே உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே உங்கள் படத்தில் ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் ஒரு நிறுத்தம் வையுங்கள், குறைந்தது முக்கால் வினாடி. ஆனால் நிறுத்தம் என்றால் ஒரே தாளை அப்படியே விட்டுவிடுவது இல்லை. என் முதல் படத்தில் காக்கை ஜன்னலைப் பார்த்தபடி இரண்டு வினாடி நிற்கும், ஒரே தாளை 48 பிரேம் பிடித்துவிட்டேன். அக்கா மகளிடம் காட்டினேன், அவளுக்கு ஏழு வயசு, நல்ல கவனத்தோடு பார்த்துவிட்டு, “காக்கா தூங்கிடுச்சா மாமா?” என்று கேட்டாள். அன்று ராத்திரியே அந்த இரண்டு வினாடியைத் திரும்ப வரைந்தேன். உடம்பை அசைக்கவில்லை, கண்ணில் ஒரு சிமிட்டல், அப்புறம் கண்ணின் புள்ளி மேலிருந்து நடுவுக்கு, வால் நுனியில் ஒரு சின்னத் துள்ளல். அடுத்த வாரம் மறுபடி காட்டியபோது, “அது என்னமோ திட்டம் போடுது” என்றாள்.

முழு உடம்பையும் திரும்ப வரையாமல் இதைச் செய்ய ஒரு பழைய வழி இருக்கிறது, அதுவும் பாரேயின் ஸ்டுடியோவில் புழங்கியதுதான். அசையாத உடம்பு அடித்தாளில் இருக்கட்டும். மேலே போடும் தாளில் வால் மட்டும், அல்லது கண் மட்டும் வரைந்து, மீதித் தாளைக் கிழித்தோ வெட்டியோ எடுத்துவிடுங்கள், அடித்தாளின் உடம்பு அந்த வழியாகத் தெரியும். வெட்டும் ஓரத்தைக் கறுப்புப் பகுதியின் எல்லையோடு சேர்த்து வெட்டினால் ஒட்டு தெரியாது. துளைகள் இருக்கும் பட்டையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஒரு நகைச்சுவைக் காட்சியைக் கட்டுவது

என் இரண்டாவது படத்தில் இருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன். உயரமான ஜன்னல் விளிம்பில் ஒரு ரொட்டித் துண்டு. காக்கைக்கு அது வேண்டும். பறக்கலாமே என்று நினைப்பீர்கள், அதனால் முதலிலேயே ஒரு சிறகில் கட்டுப் போட்டுவிட்டேன், கறுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டு பளிச்சென்று தெரியும், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

காக்கை மூன்று வினாடி நடந்து வருகிறது, ஒரே சுழற்சி மூன்று தடவை. நிற்கிறது. மேலே பார்க்கிறது, ஒரு வினாடி. கட்டுப் போட்ட சிறகைப் பார்க்கிறது, அரை வினாடி. நம்மைப் பார்க்கிறது, ஒரு சிமிட்டல். இப்போது தலைக்கு மேல் ஒரு கேள்விக்குறி, நாலு தாளில் வளர்ந்து நிற்கிறது. இதுவரை எல்லாமே எல்லோரும் பார்த்த விஷயம்தான். கேள்விக்குறியை ஒரு முழு வினாடி அப்படியே நிற்க விடுங்கள், பார்க்கிறவருக்கு அது வெறும் அடையாளம் என்று மனதில் பதிய வேண்டும். அப்புறம் காக்கையின் கண்புள்ளி மட்டும் மெதுவாக மேலே போய்க் கேள்விக்குறியைப் பார்க்கிறது. அரை வினாடி. கையை நீட்டி அதைப் பிடித்து இழுக்கிறது, வளைந்த பகுதி கையில் வந்துவிடுகிறது, அடியில் இருந்த புள்ளி தனியாகத் தரையில் விழுந்து இரண்டு துள்ளு துள்ளி நிற்கிறது.

கொக்கியால் ரொட்டியை எட்டுகிறது, எட்டவில்லை, ஒரு விரற்கடை குறைகிறது. மறுபடி நம்மைப் பார்க்கிறது. கண்புள்ளி இறங்கித் தரையில் கிடக்கும் புள்ளிக்குப் போகிறது. அதன் மேல் ஏறி நிற்கிறது, இப்போது எட்டிவிட்டது, ரொட்டி கொக்கியில் மாட்டிவிட்டது, ஆனால் காலுக்குக் கீழே இருப்பது உருண்டை. அப்படியே உருண்டு சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது, ரொட்டியும் கையுமாக.

கவனித்தீர்களா, காக்கை வெளியே இருந்து எந்தப் பொருளையும் கொண்டுவரவில்லை. அதன் குழப்பமே கேள்விக்குறியாகி, அந்தக் கேள்விக்குறியே கருவியாகி, மிச்சம் விழுந்த புள்ளியே சிக்கலும் ஆகிவிட்டது. உங்கள் காட்சியையும் இப்படி ஒரு பொருளுக்குள் சுருக்கப் பாருங்கள். இரண்டாவது பொருள் தேவைப்படுகிறது என்றால் முதல் பொருளை இன்னும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

பேச்சு வேண்டுமென்றால் பழைய படங்களில் போல வாயருகே ஒரு பலூன் போட்டு எழுதுங்கள். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழில் ண, ன, ணை மாதிரிச் சுழி உள்ள எழுத்துகளைத் தடித்த பிரஷால் சின்னதாக எழுதினால் சுழி அடைத்துக்கொண்டு போனில் படிக்கவே முடியாது, ஆகவே பெரிதாக எழுதுங்கள். எழுதியதை நிதானமாக இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள், அதற்கு ஆகும் நேரம்தான் பலூன் திரையில் நிற்க வேண்டிய நேரம்.

படம்பிடிப்பது

போனின் கேமரா நேர் கீழே தாளைப் பார்க்கும்படி ஸ்டாண்டில் மாட்டி, தனித்தனிப் படங்களைக் கோத்து ஓட்டும் ஸ்டாப் மோஷன் ஆப் ஏதாவது ஒன்றில் வினாடிக்கு 12 என்று வைத்துக்கொண்டு தாளுக்கு ஒரு படம் எடுங்கள், இரண்டிரண்டாகப் பிடித்ததற்கு அது சமம். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ் (தெளிவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் போன் தானாக மாற்றாதபடி கண்டிப்பாக லாக் செய்யுங்கள். கறுப்புக் கதாபாத்திரத்துக்கு இது மற்ற எதையும்விட முக்கியம். காக்கை கேமராவுக்கு அருகே வந்து பெரிதாகும்போது தாளில் கறுப்பு கூடுகிறது, போன் அதை இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றும், அடுத்த தாளில் இறக்கும், படம் முழுக்க மின்னிக்கொண்டே இருக்கும். பகல் வெளிச்சத்தை நம்பாதீர்கள், ஒரு மேகம் வந்தால் போச்சு. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கைச் சாய்வாக வையுங்கள், நேர் மேலே வைத்தால் ஓஎச்பி ஷீட்டில் பளபளக்கும். ஷீட்டில் போனின் பிம்பமே தெரிந்தால், கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு போனுக்கு முன்னால் மாட்டிவிடுங்கள். வெளிர் சட்டை போட்டிருந்தால் அதுவும் பிரதிபலிக்கும், கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தக் காலப் படங்களில் திரை ஒரு வட்டமாகச் சுருங்கி இருண்டு முடியுமே, அதைக் கையாலேயே செய்யலாம். கறுப்புத் தாள் எட்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடச் சின்ன வட்டமாக வெட்டுங்கள், எல்லாவற்றுக்கும் துளை போட்டு முளையில் மாட்டி ஒவ்வொன்றாக மேலே வைத்துப் படமெடுங்கள். வட்டத்தின் மையம் தாளின் நடுவில் இருக்க வேண்டியதில்லை, காக்கையின் கண் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். கடைசிச் சின்ன வட்டத்தில் கண் மட்டும் தெரியும்போது ஒரு வினாடி நிறுத்தி, ஒரு சிமிட்டல் வைத்து, அப்புறம் முழுக் கறுப்புத் தாளை வையுங்கள். அந்தக் கறுப்பை ஒரு 24 படமாவது எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் போனில் ஓட்டும்போது சிமிட்டல் முடிந்த கையோடு படம் சட்டென்று முதல் காட்சிக்குத் தாவிவிடும்.